பில்லி ஹொலிடேயும் பொலிஸ் அட்டையும்

(வாசகசாலை விழா ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜாஸ் பாடகி ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று அறிவித்தபோது, "இதற்கும் எங்களுக்கும் என்ன?" என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் கமக்காரரும் நிறைந்திருக்கின்ற அவை இது. அமெரிக்க நாட்டு இரவு விடுதிகளிற் பாடிய ஒரு பெண்மணிக்கு இங்கே என்ன வேலை?

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசியற் சட்டம் பேச்சுரிமைக்குக் காவல் நிற்பது. பில்லி ஹொலிடே என்னும் அப்பெண்மணி பாடிய பாட்டு எதையும் எந்தச் சட்டமும் தடை செய்யவில்லை. ஆயினும், அவருக்குப் பேரும் புகழும் தந்த நியூயோர்க் நகரிலே, 1947ஆம் ஆண்டிலிருந்து 1959இல் அவர் கண்மூடும் வரைக்கும், இரவு விடுதியில் நின்று சட்டப்படி பாட முடியாதவராக அவர் ஆக்கப்பட்டார். பொலிசார் வழங்கிய சின்னஞ்சிறு அட்டை ஒன்று அதைச் செய்து முடித்தது. அனுமதிப்பத்திரம் கையில் இருக்கும்போது ஒருவனுடைய நடை எப்படியிருக்கும், அது பறிபோன மறுநாள் எப்படியிருக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

முதலில் அந்த இசையைப் பற்றி இரண்டொரு வார்த்தை. ஜாஸ் என்பது அமெரிக்கக் கறுப்பின மக்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிறப்பாக நியூ ஓர்லியன்ஸ் நகரில், உருவாக்கிய இசை. அடிமைகளாகக் கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் தாள உணர்வும், அவர்தம் தேவாலயப் பாட்டும், பருத்தி வயல் நாட்டிலே பிறந்த 'புளூஸ்' என்னும் துயரப் பாட்டும், ஐரோப்பிய வாத்தியங்களும் ஒன்றுகலந்து பிறந்தது. ஒரு மெட்டை எடுத்துக்கொள்வார்கள். அதன் எலும்பை மட்டும் வைத்துக்கொண்டு, சதையையும் உயிரையும் அந்த இடத்திலேயே, அந்த வேளையிலேயே படைப்பார்கள். திருவிழா இரவுகளில் வீதியிலே நின்று விடியும்வரை நாதசுவரம் கேட்டவர்களுக்கு இது விளங்காத சங்கதியன்று.

ஹொலிடேயின் குரல் பெரிய குரலன்று. ஒரு ஸ்தாயிக்குச் சற்று மேலேதான் அதன் வீச்சு. இடிமுழக்கம் இல்லை, கமக வித்தைகள் இல்லை. ஆனால் தாளம் விழுகின்ற இடத்துக்குச் சற்றுப் பின்னால், விழுந்துவிடுவாரோ என்று நாம் அஞ்சும் அளவுக்குப் பின்னால், அவர் சொல்லை வைப்பார். கேட்பவன் அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கும். காத்திருந்து கேட்கும் சொல் நெஞ்சில் தைக்கும். மலிவான காதற்பாட்டுகளைக்கூட, ஒரு பெண் தன் வாழ்க்கையைக் கணக்குப் பார்த்துச் சொல்வது போல ஆக்கிவிடும் திறமை அது.

அவர் 1915ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் நாள் பிலடெல்பியாவிற் பிறந்தார். இயற்பெயர் எலினோரா. தாயார் சேடி பேகன், இளவயதிலேயே தாயானவர். வீட்டு வேலை செய்து பிழைத்தவர். தந்தை கிளாரன்ஸ் ஹொலிடே கிட்டார் வாசிப்பவர், குடும்பத்தோடு தங்கியவரல்லர். பிள்ளை பால்ரிமோர் நகரில், உறவினர் வீடுகளில் மாறி மாறி வளர்ந்தது. பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகவில்லை என்பதற்காக, 1925இல், ஒன்பது வயதில், சிறுவர் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டுக் கத்தோலிக்கச் சீர்திருத்தப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பப்பட்டது. அதற்கு அடுத்த ஆண்டு நடந்ததை இங்கே விரித்துச் சொல்ல நா எழவில்லை. அயலவன் ஒருவன் அந்தச் சிறுமியின்மீது பலாத்காரம் புரிந்தான். பிடிபட்டவன் அவன், ஆனால் சிறுமியும் மீண்டும் அதே பள்ளிக்குள் அடைக்கப்பட்டாள். பாதுகாப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்!

படிக்கட்டுகளைத் தேய்த்துக் கழுவிச் சில்லறை சம்பாதித்த காலத்தில், கிராமபோன் பெட்டியில் லூயி ஆம்ஸ்ட்ரோங்கையும் பெஸ்ஸி சிமித்தையும் கேட்டதுதான் அவர் கற்ற சங்கீதம். குருவும் இல்லை, ஏடும் இல்லை. 1929 அளவில் தாயாரைப் பின்தொடர்ந்து நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதிக்கு வந்தார். அங்கே வறுமை அவரைத் தள்ளிய இடங்களை அவரே தம் நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். நாம் அவற்றைக் கிளற வேண்டியதில்லை. சிறிய கிளப்புகளில் மேசைக்கு மேசை சென்று பாடினார். பில்லி டவ் என்ற நடிகையின் பெயரிற் பாதியையும் தந்தையின் பெயரிற் பாதியையும் சேர்த்துப் பில்லி ஹொலிடே ஆனார்.

1933இல் ஜோன் ஹமண்ட் என்ற தனவந்த வாலிபர் ஒருவர் அவரைக் கேட்டு வியந்தார். அவர் வெள்ளையர், இசைத்தட்டுத் துறையிற் செல்வாக்குடையவர். அந்த ஆண்டு நவம்பரில் பெனி குட்மன் குழுவோடு முதல் இசைத்தட்டு வெளிவர வழி செய்தார். 1935 முதல் பியானோக் கலைஞர் டெடி வில்சனோடு ஹொலிடே பாடிய தட்டுகள் தொடர்ந்து வெளிவந்தன. காசு போட்டாற் பாடுகின்ற பெட்டிகளுக்கென்று அவசரத்திலும் மலிவிலும் செய்யப்பட்டவை அவை. அவற்றுட் பல இன்று ஜாஸ் இசையின் செல்வங்களாக மதிக்கப்படுகின்றன. ஆனால் அவருக்குக் கிடைத்தது யாது? ஒருநாட் கூலி. தட்டு ஆயிரம் விற்றாலும் நூறாயிரம் விற்றாலும் பாடியவருக்குப் பங்கு இல்லை. விளைச்சலைக் களத்திலே அளந்து கொடுத்துவிட்டுக் கூலியோடு வீடு திரும்புகிறவனுக்கு இந்தக் கணக்கு எளிதில் விளங்கும்.

அந்தத் தட்டுகளிற் சாக்சபோன் வாசித்தவர் லெஸ்டர் யங். ஹொலிடேயின் குரலும் அவருடைய குழலும் ஒன்றை ஒன்று தாங்கிப் பேசுவதைக் கேட்டவர்கள் மறக்கமாட்டார்கள். அவருக்கு 'லேடி டே' என்று பெயர் சூட்டியவர் யங். யங்குக்கு 'ஜனாதிபதி' என்று பட்டம் கொடுத்தவர் ஹொலிடே. தம் நாட்டு ஜனாதிபதியின் மாளிகையிலே தமக்கு இடமில்லாத மக்கள், தங்களுக்குள்ளே பட்டங்களைப் பகிர்ந்துகொண்டார்கள் போலும்!

1937இல் கவுண்ட் பேசியின் குழுவோடும், 1938இல் ஆர்ட்டி ஷோ என்ற வெள்ளையரின் குழுவோடும் ஊர் ஊராகச் சென்றார். வெள்ளையர் குழு ஒன்றோடு பயணம் செய்து பாடிய முதற் கறுப்பினப் பெண்களுள் ஒருவர் அவர். பேசியோடு டிட்ரோயிட் நகரிற் பாடியபோது, அவருடைய நிறம் போதிய கறுப்பாக இல்லை, விளக்கொளியில் வெள்ளைக்காரி என்று எண்ணிவிடுவார்கள் என அஞ்சிய அரங்குக்காரர், முகத்திலே கறுப்பு மை பூசச் செய்தனர் என்று அவர் எழுதுகிறார். ஷோவின் குழுவிலோ மறுதலையான இடைஞ்சல்: அவர் வேண்டிய அளவு வெள்ளையாக இல்லை! நியூயோர்க்கில் லிங்கன் என்னும் பெரிய ஹோட்டலிற் பாட வந்தபோது, விருந்தினர் ஏறும் மின்தூக்கியில் அவர் ஏறலாகாது. சாமான் ஏற்றும் தூக்கியில் ஏறி வரவேண்டும் என்று சொல்லப்பட்டது. மேடையில் அவர் பெயர். பின்வாசலில் அவர் வழி. அந்த ஆண்டு முடியுமுன் அவர் அக்குழுவை விட்டு நீங்கினார்.

இனி அந்தப் பாட்டின் கதைக்கு வருகிறேன். இதற்குச் சற்று நேரம் தரவேண்டும்.

அமெரிக்காவில் அடிமை முறை 1865இல் ஒழிந்தது. நிலம் மட்டும் கைமாறவில்லை. விடுதலை பெற்றவர்களிற் பெரும்பாலார் பழைய எசமானரின் காணியிலேயே வாரத்துக்குப் பயிரிட்டு, அவருடைய கடையிலேயே கடன்பட்டு வாழ்ந்தனர். இந்த ஒழுங்கைக் காப்பதற்குச் சட்டப் புத்தகத்தில் இல்லாத ஆயுதம் ஒன்று இருந்தது. கும்பல் கூடி ஒருவனைப் பிடித்து, விசாரணை எதுவுமின்றி மரத்திலே தூக்கிவிடுவது. டஸ்கீகி கல்லூரியினர் எடுத்த கணக்கின்படி, 1882 முதல் 1968 வரை இவ்வாறு கொல்லப்பட்டோர் 4,743 பேர். அவருள் 3,446 பேர் கறுப்பினத்தவர்.

இவர்களெல்லாம் ஏதோ குற்றம் புரிந்தவர்கள் என்று எண்ண வேண்டாம். கமக்காரர்களுக்காக ஒருவரை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். தென் கரோலினா மாநிலத்து அபவில் என்ற ஊரில் அந்தனி குரோபோர்ட் என்றொரு கறுப்பினத்துப் பருத்திக் கமக்காரர் இருந்தார். சொந்தப் பாட்டினால் 427 ஏக்கர் நிலம் சேர்த்தவர். 1916ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆம் நாள், பருத்தி விதையைச் சந்தைக்குக் கொண்டுசென்றார். வெள்ளையரான வியாபாரி ஒருவர் கேட்ட விலைக்குக் கொடுக்க மறுத்தார், வாய்த்தர்க்கம் மூண்டது. அவ்வளவுதான் குற்றம். அன்றைக்கே கும்பல் அவரை அடித்து, இழுத்துச் சென்று, மரத்திலே தொங்கவிட்டுச் சுட்டது. குடும்பத்தார் ஊரை விட்டு வெளியேற வேண்டுமென்று கட்டளை பிறந்தது. ஒருவராவது தண்டிக்கப்படவில்லை. தன் விளைபொருளுக்குத் தான் விலை சொன்னதற்காக ஒருவன் செத்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1930ஆம் ஆண்டு ஓகஸ்ட் 7ஆம் நாள் இந்தியானா மாநிலத்து மரியன் நகரில் தோமஸ் ஷிப், ஏபிராம் சிமித் என்ற இரண்டு கறுப்பின வாலிபர்கள் மறியலில் இருந்து இழுத்தெடுக்கப்பட்டுத் தூக்கப்பட்டார்கள். புகைப்படக்காரர் ஒருவர் அதைப் படமெடுத்தார். மேலே இரண்டு உடல்கள். கீழே ஆண்களும் பெண்களும் படத்துக்கு நிற்பதுபோல நிற்கிறார்கள். ஒருவர் விரலை நீட்டி மரத்தைக் காட்டுகிறார். அந்தப் படத்தின் பிரதிகள் ஆயிரக்கணக்கில் விற்பனையாயின. இந்தியானா தென்பகுதி மாநிலமன்று என்பதையும் கவனிக்க வேண்டும். நோய் தெற்கிலே மட்டும்தான் என்று வடக்கத்தியார் சொல்லித் தப்ப முடியாது.

அப்படத்தைக் கண்டு உறக்கமிழந்தவர் ஏபெல் மீரோபோல், நியூயோர்க்கில் உயர்தரப் பாடசாலை ஆசிரியர், யூதர். மரத்தில் தொங்கும் உடல்களை விந்தையான கனிகளாக உருவகித்து ஒரு கவிதை எழுதி, 1937இல் ஆசிரியர் சங்கத்துப் பத்திரிகையில் வெளியிட்டார். மெட்டும் அவரே அமைத்தார். அதுதான் 'ஸ்ட்ரேஞ்ச் புரூட்', அதாவது விந்தைக் கனி, என்னும் பாட்டு. ஹொலிடேயின் பெயரில் வந்த தன்வரலாற்று நூலில் மெட்டு அமைத்ததில் அவருக்கும் பங்கு உண்டு என்று சொல்லப்படுகிறது. அது சரியன்று, சொல்லும் மெட்டும் அந்த ஆசிரியருடையவை. பாட்டுக்கு உயிர் கொடுத்தவர் ஹொலிடே. அந்தப் பெருமை அவருக்குப் போதும். பிற்காலத்தில், 1953இல் மரண தண்டனைக்குள்ளான ரோசன்பேர்க் தம்பதியரின் இரு ஆண்மக்களையும் தம் பிள்ளைகளாக ஏற்று வளர்த்தவரும் இதே மீரோபோல்தான். ஆசிரியர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்கள் தொழிலுக்கு ஒரு பெருமையாக இவரைச் சொல்லிக்கொள்ளலாம்.

பார்னி ஜோசப்சன் என்பவர் 1938 டிசம்பரில் நியூயோர்க்கின் கிரினிச் விலேஜ் பகுதியில் 'கபே சொசைட்டி' என்ற விடுதியைத் திறந்தார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே வரிசை மேசைகளில் அமரலாம் என்பது அதன் விதி. அந்நாளில் அஃது அருமையான விதி. 1939இன் தொடக்கத்தில் ஹொலிடே அங்கே இந்தப் பாட்டைப் பாடினார். ஜோசப்சன் சில ஒழுங்குகளை வகுத்தார். இதுவே இறுதிப் பாட்டு. இது தொடங்குமுன் பரிமாறுவோர் அனைவரும் பணியை நிறுத்திவிட வேண்டும். விளக்குகள் அணையும், பாடகியின் முகத்தின்மீது மட்டும் ஒளிக்கீற்று. பாட்டு முடிந்தவுடன் முழு இருள். மீண்டும் விளக்கு எரியும்போது மேடை வெறுமையாயிருக்கும். எவ்வளவு கைதட்டினாலும் அவர் திரும்பி வருவதில்லை. குடிக்கவும் ஆடவும் வந்தவர்கள் அந்த மூன்று நிமிடத்தைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தம் தந்தையை நினைத்து அவர் பாடினார் என்பதும் அவர் சொன்னதே. கிளாரன்ஸ் ஹொலிடே 1937இல் டெக்சாஸ் மாநிலத்தில் நுரையீரற் சன்னியால் இறந்தார். கறுப்பர் என்ற காரணத்தால் வைத்தியசாலைகள் அவரை ஏற்க மறுத்தன என்பதே மகளின் குற்றச்சாட்டு. வைத்தியர்களே, கயிற்றினாற் கொல்வதும் கதவை மூடிக் கொல்வதும் ஒரே பாட்டுக்குள் அடங்கும் என்று அந்த மகள் கண்டார்.

அவர் ஒப்பந்தம் செய்திருந்த கொலம்பியா நிறுவனம் இந்தப் பாட்டைப் பதிவு செய்ய மறுத்தது. தென்பகுதி வியாபாரம் கெட்டுவிடும் என்ற அச்சம். 'கொமடோர்' என்ற சிறு நிறுவனத்தின் மில்ட் கேப்லர் துணிந்தார். 1939ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆம் நாள் பதிவு நடந்தது. வானொலி நிலையங்கள் பல அதை ஒலிபரப்பவில்லை. ஆயினும் தட்டு விற்றது. மீரோபோலை நியூயோர்க் மாநிலச் சட்டசபை விசாரணைக் குழு ஒன்று அழைத்து, இதை எழுதப் பொதுவுடைமைக் கட்சி பணம் தந்ததா என்று கேட்டது. கொலை நடந்ததா என்று கேட்கவில்லை; கொலையைப் பாடியவனுக்குக் கூலி யார் கொடுத்தது என்று கேட்டார்கள்!

கும்பற் கொலையைத் தடுக்கும் மசோதா ஒன்று 1922இலேயே அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது. தென்பகுதி செனட்டர்கள் பேசிப் பேசியே அதைச் சாகடித்தார்கள். அதன்பின் எத்தனையோ மசோதாக்கள் வந்து மடிந்தன. 2005இல் செனட் சபை, தான் சட்டமியற்றத் தவறியமைக்கு மன்னிப்புக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றியது. சட்டம் வந்தது 2022ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள். இசைத்தட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே 83 ஆண்டுகள்.

ஹொலிடேயின் குறையையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு வழக்கின் ஒரு பக்கத்தை மட்டும் காட்டியவனாவேன். 1940களில் அவர் ஹெரோயின் என்னும் நஞ்சுக்கு அடிமையானார். அவரை வருத்திய ஆடவர் பலர். அவர் உழைப்பை உண்டவரும் பலர். ஆயினும் போதைப் பொருள் வைத்திருந்தது சட்டப்படி குற்றம். அவரும் அதை மறுக்கவில்லை. 1947 மே மாதத்திற் பிலடெல்பியா நீதிமன்றத்தில், தமக்கெனச் சட்டத்தரணி இல்லாமல் நின்று, குற்றத்தை ஒப்புக்கொண்டு, வைத்தியசாலைக்கு அனுப்பும்படி கேட்டார். நீதிபதி விதித்தது ஓராண்டும் ஒரு நாளும் சிறை. வழக்கின் தலைப்பு 'அமெரிக்க ஐக்கிய நாடுகள் எதிர் பில்லி ஹொலிடே' என்பதாகும். தமக்கும் அது அப்படியேதான் தோன்றியது என்று அவர் பின்னர் எழுதினார். மேற்கு வெர்ஜினியாவில் அல்டர்சன் சிறையில் இருந்த காலம் முழுவதும் ஒருமுறையேனும் வாய் திறந்து பாடவில்லை என்றும் எழுதினார்.

1948 மார்ச்சில் விடுதலையானார். விடுதலையாகி இரண்டு வாரங்களுக்குள், மார்ச் 27ஆம் நாள், நியூயோர்க்கின் கார்னிகி மண்டபத்திற் பாடினார். மண்டபம் நிறைந்து, மேடையிலும் ஆசனம் போட்டார்கள். மக்கள் அவரை மறக்கவில்லை.

ஆனால் அட்டை? 1940 முதல் நியூயோர்க் நகரில் ஒரு விதி இருந்தது. மது விற்கும் கேளிக்கைச் சாலைகளில் வேலை செய்யும் எவரும், பாடகரும் வாத்தியக்காரரும் பரிமாறுவோரும் சமையற்காரரும், பொலிஸ் பகுதியிடம் விரலடையாளம் கொடுத்து அட்டை பெற்றிருக்க வேண்டும். குற்றத் தீர்ப்புப் பெற்றவருக்கு அதை மறுக்கலாம், கொடுத்ததைப் பறிக்கலாம். கார்னிகி மண்டபத்தில் மது விற்பதில்லை. ஆகவே அங்கே மூவாயிரம் பேர் முன்னே பாடலாம். அடுத்த வீதிக் கிளப்பில் முப்பது பேர் முன்னே பாடலாகாது! சட்டத்தரணிகள் இதைச் சிந்திக்க வேண்டும். நீதிமன்றம் விதித்த தண்டனைக்கு எல்லை உண்டு. அவர் அதை அனுபவித்து முடித்தார். பொலிஸ் மேசை விதித்த தண்டனைக்கு எல்லை இல்லை. அதற்கு நீதிபதியும் இல்லை, ஜூரியும் இல்லை. ஜாஸ் பாடகருக்குப் பிழைப்பு கிளப்பிலேதான். மண்டபக் கச்சேரி ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ. அன்றாடச் சோறு கிளப்பில். தலோனியஸ் மங்க் என்ற ஒப்பற்ற பியானோக் கலைஞரும் 1951இல் அட்டையை இழந்து ஆறாண்டு தம் சொந்த நகரத்துக் கிளப்புகளில் வாசிக்க முடியாமற் கிடந்தார்.

செல்வாக்குள்ள ஒருவரின் நிழலில், 1948இல் அட்டையின்றியே நகரத்துக் கிளப் ஒன்றில் ஹொலிடே பாடியதும் உண்டு. பொலிசார் கண்ணை மூடிக்கொண்டனர். இது அவருக்குக் கிடைத்த சலுகை என்று நினைப்பது பிழை. அனுமதி உரிமையாக இல்லாது தயவாக மாறிவிட்டால், தயவு வைத்திருப்பவனுக்கு அவள் அடிமை. அந்த மனிதர் அவரை என்ன பாடுபடுத்தினார் என்பதை அவர் வரலாற்றை எழுதியோர் விரிவாகச் சொல்லியிருக்கின்றனர்.

போதைப்பொருள் தடுப்புத் திணைக்களத்தின் தலைவராக 1930 முதல் 1962 வரை அமர்ந்திருந்தவர் ஹரி அன்ஸ்லிங்கர். ஜாஸ் கலைஞர்மீது அவருக்கு இருந்த வெறுப்பு வெளிப்படையானது. 'விந்தைக் கனி' பாடியதற்காகவே அவர் ஹொலிடேயை வேட்டையாடினார் என்று எழுதுவோர் உண்டு. அதற்குக் காட்டப்படும் சான்று போதாது என்பது என் கருத்து. மிகைப்படுத்தி வழக்கைப் பலவீனப்படுத்த வேண்டியதில்லை. இதே அன்ஸ்லிங்கர் 1961இல் வெளியிட்ட நூலில், செல்வாக்கு மிக்க சட்டசபை உறுப்பினர் ஒருவர் மோர்பினுக்கு அடிமையாயிருந்ததையும், நாட்டின் மானத்தைக் காக்கும் பொருட்டு அவருக்கு மருந்துக் கடையில் ஒழுங்காக அது கிடைக்கத் தாமே வழிசெய்ததையும் பெயர் குறிப்பிடாமல் எழுதியிருக்கிறார். ஒரே நோய், ஒரே அதிகாரி. ஒருவருக்கு மருந்துக் கடை, மற்றவருக்கு மறியல். இதைவிட வேறு சான்று எனக்கு வேண்டியதில்லை.

1949இல் சான் பிரான்சிஸ்கோவில் மீண்டும் கைதானார். ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்றனர். அட்டை வரவில்லை. ஊர் ஊராக அலைந்தார். 1954இல் ஐரோப்பா சென்று பாடினார். 1956இல் தன்வரலாறு வெளிவந்தது. 1957 டிசம்பர் 8ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி. பல ஆண்டுகள் பிரிந்திருந்த லெஸ்டர் யங் நோயாளியாக எழுந்து நின்று சில சுரங்களை மட்டும் வாசிக்கிறார்; ஹொலிடே தலையை மெல்ல அசைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தப் படம் கிடைக்கிறது, பாருங்கள். 1958இல் வந்த 'லேடி இன் சாட்டின்' தட்டில் குரல் உடைந்து போயிருக்கிறது. அதைக் கேட்கச் சகிக்காது என்பார் சிலர். உடைந்த குரலிலும் சொல் தன் இடத்திலேதான் விழுகிறது.

யங் 1959 மார்ச்சில் இறந்தார். மே 31ஆம் நாள் ஹொலிடேயை வைத்தியசாலையிற் சேர்த்தார்கள். ஈரலும் இருதயமும் பழுதடைந்திருந்தன. ஜூன் மாதம், அறையிற் போதைப்பொருள் கண்டதாகச் சொல்லி, படுக்கையில் வைத்தே கைது செய்து, படுக்கையில் வைத்தே விரலடையாளம் எடுத்து, அறை வாசலிற் காவல் நிறுத்தினார்கள். எழுந்து நடக்க முடியாத ஒருவர் எங்கே ஓடுவார்? ஜூலை 17ஆம் நாள், 44ஆம் வயதில், உயிர் பிரிந்தது. வங்கியில் அவர் பெயரில் இருந்தது 70 சதம். உடலோடு ஒட்டி மறைத்து வைத்திருந்த நோட்டுகள் 750 டொலர். நூற்றுக்கணக்கான பாட்டுகளை உலகுக்குக் கொடுத்தவரின் முழு ஆஸ்தி அது. நியூயோர்க் தேவாலயத்தில் நடந்த இறுதிச் சடங்குக்கு ஏறக்குறைய மூவாயிரம் பேர் வந்தனர். பொலிஸ் அட்டை விதியை அந்த நகரம் 1967இல் நீக்கியது.

தலைவர் அவர்களே, நேரம் மிஞ்சிவிட்டது. 1939ஆம் ஆண்டுப் பதிவை இப்போது போடும்படி நண்பரைக் கேட்டுக்கொள்கிறேன். தொடக்கத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் எக்காளமும் பியானோவும் மட்டும் ஒலிக்கும். பழுது என்று எண்ணி யாரும் எழுந்து போக வேண்டாம். குரல் அதற்குப் பிறகுதான் வரும். பின்வரிசையில் இருக்கும் பெரியோர்களுக்குக் கேட்கும்படி, பிள்ளைகள் சற்று அமைதியாயிருக்க வேண்டும்.